குளமும் கோயிலும்: வன்னி மக்களின் வழிபாடு

வழிபாடு என்னும் சொல்லை நாம் நாள்தோறும் வழங்குகின்றோம். ஆயினும் அதன் பொருளை நின்று எண்ணிப் பார்ப்பவர் சிலரே. வழிபடுதல் என்பது ஒருவர் காட்டிய வழியிலே நடத்தல், பின்பற்றுதல், பணிந்து ஒழுகுதல் என்னும் பொருள்களைத் தருவது. மாணாக்கன் ஆசிரியனை வழிபடுவான் என்றும், மக்கள் பெற்றோரை வழிபடுவர் என்றும் முன்னோர் வழங்கினர். கைகூப்புதலும் நாவாற் போற்றுதலும் வழிபாட்டின் உறுப்புக்களே. ஆனால் அவை மாத்திரம் வழிபாடு ஆகா. ஒரு நெறியை ஏற்று, அதன்படி நடந்து, அதற்குரிய கடமையைச் செய்தலே வழிபாடு என்பது அச்சொல்லிலேயே அடங்கியுள்ளது.

மக்கள் எதற்காக வழிபடுகின்றனர்? அச்சத்தாலா, ஆசையாலா, நன்றியாலா, அன்றிப் பழக்கத்தாலா? இவ்வினாவுக்குச் சமய நூல்கள் விடை கூறும். வரலாறும் ஒரு விடை கூறும். அந்த விடையை வன்னி நிலத்திலே, சிறப்பாகச் செட்டிகுளத்தையும் அதனைச் சூழ்ந்த நாட்டையும் முன்வைத்துக் காண்பதே இப்பேச்சின் நோக்கம்.

செட்டிகுளம் வவுனியாவுக்கு மேற்கே, மன்னார் மாவட்டத்தின் எல்லையை அண்டிக் கிடக்கும் நாடு. தெற்கே அநுராதபுர மாவட்டம். மேற்கே மடுவின் காடு. அநுராதபுரத்தைத் தொட்டு வருகின்ற அருவியாறு இதன் வழியே சென்று மன்னார்க் கடலில் கலக்கின்றது. மதவாச்சியிலிருந்து தலைமன்னாருக்கு 1914 ஆம் ஆண்டிலே திறக்கப்பட்ட இருப்புப்பாதையில் செட்டிகுளமும் ஒரு நிலையம். செட்டிமார் இங்கு வந்து குளந்தோண்டிக் குடியேறினர் என்றும், அதனாலேயே இப்பெயர் வந்தது என்றும் ஊர்மரபு கூறும். அயலூர்ப் பெயர்களைப் பாருங்கள்: நேரியகுளம், முதலியார்குளம், ஆண்டியாபுளியங்குளம். வன்னியிலே ஊர் என்றாற் குளம். குளம் என்றால் ஊர். குளம் உடைந்தால் ஊர் கலையும். குளம் கட்டப்பட்டால் ஊர் மீண்டும் கூடும். இந்த உண்மையை உளங்கொண்டாலன்றி இங்குள்ள மக்களின் வழிபாட்டை நாம் விளங்கிக்கொள்ள இயலாது.

வன்னியின் பழங்குளங்களுட் பலவற்றின் கட்டிலே, பாலையோ மருதோ புளியோ நிழல் தரும் ஓரிடத்திலே, ஒரு தெய்வம் இருக்கக் காணலாம். சிலவிடத்து அது பிள்ளையார், சிலவிடத்து ஐயனார், சிலவிடத்து வைரவர். உருவம் ஒரு கல்லாக இருக்கலாம். ஒரு சூலமாக இருக்கலாம். கோபுரம் இல்லை, மதில் இல்லை, பல இடங்களிற் கூரையும் இல்லை. நகரத்திலிருந்து வருபவர் அதனைக் கண்டு, இது சிறுதெய்வம் என்று எளிதாகச் சொல்லிச் சென்றுவிடுவர். ஆனால் அந்தத் தெய்வம் இருக்கும் இடத்தை அவர் கவனிப்பதில்லை. நீர் உடைத்துக்கொள்ளக்கூடிய கட்டிலே, அல்லது நீர் வெளியேறும் துருசின் அருகிலே, அல்லது மிகைநீர் வழியும் வானின் பக்கத்திலே அது இருக்கும். எந்த இடத்தில் ஊரின் உயிர் தங்கியிருக்கின்றதோ அந்த இடத்திலே தெய்வத்தை இருத்தினர் நம் முன்னோர்.

ஐயனாரைக் குளத்துக்கும் காட்டுக்கும் காவலராகக் கொள்ளும் இம்மரபு தமிழருக்கு மாத்திரம் உரியதன்று. செட்டிகுளத்துக்குத் தெற்கே நுவரகலாவியக் கிராமங்களிலே சிங்களக் கமக்காரர் இதே தெய்வத்தை ஐயநாயக்க தெய்யோ என்று பெயரிட்டு, குளங்களின் காவலராகப் போற்றி வந்திருக்கின்றனர். இலங்கையின் குளங்களைத் திருத்தும் பணியில் ஈடுபட்டிருந்த ஹென்றி பாக்கர் என்னும் ஆங்கிலேயர், 1909 ஆம் ஆண்டிலே பண்டைய இலங்கையைப் பற்றித் தாம் வெளியிட்ட நூலில் இவ்வழிபாட்டை விரிவாக ஆராய்ந்துள்ளார். மொழியும் மதமும் வேறாயினும் குளம் ஒன்றாயிருந்தமையால் காவலும் ஒன்றாயிற்று.

இனி, இவ்வழிபாடு எவ்வாறு நடந்தது என்பதைக் காண்போம். காலபோக விதைப்புக்கு முன்னரோ, அறுவடை முடிந்த பின்னரோ ஊரவர் கூடிப் பொங்கலுக்கு நாட்குறிப்பர். புதுநெல் குத்திய அரிசி ஒவ்வொரு வீட்டிலிருந்தும் வரும். வயல் மிகுதியாக உடையவர் மிகுதியாகக் கொடுப்பர். குறைவாக உடையவர் குறைவாகக் கொடுப்பர். வயலே இல்லாதவர் விறகு கொண்டுவருவர், பந்தலிடுவர், இடந் துப்புரவு செய்வர். பூசாரியார் அவ்வூரவரே, ஏனைய நாட்களில் அவரும் ஏர்பிடிப்பவரே. வளந்திலே பால் பொங்கி வழியும்போது எல்லோரும் ஒரே குரலில் ஆரவாரிப்பர். மடை பரவித் தெய்வத்துக்குப் படைத்த பின், அந்தச் சோறு எல்லோருக்கும் பகிரப்படும்.

இங்கே நாம் ஊன்றிக் கவனிக்கவேண்டிய செய்தி ஒன்று உண்டு. குளக்கட்டைத் திருத்தும் வேலையும் இதே முறையிலேதான் பகிரப்பட்டது. குளத்தின் கீழ் ஒருவருக்கு எவ்வளவு வயல் உண்டோ அந்த அளவுக்குக் கட்டிலே அவர் மண்போடவேண்டும் என்பது பழைய வழக்கம். பங்கு என்னும் சொல் வயலுக்கும் வழங்கிற்று; வேலைக்கும் வழங்கிற்று; பொங்கலுக்கும் வழங்கிற்று. ஆகவே குளக்கட்டுப் பொங்கல் என்பது ஊரின் கணக்கைத் தெய்வத்தின் முன்னிலையிலே பார்க்கும் நாளுமாயிற்று. யார் தம் பங்கைச் செய்தார், யார் செய்யவில்லை என்பது அன்று எல்லோருக்கும் வெளிப்படும். மேல்வயற்காரரும் கடைவயற்காரரும் பகையோடு அந்தச் சோற்றை உண்ண முடியாது. உண்டபின் பகைக்கவும் மனம் கூசும்.

நாடாண்ட அரசினரும் இந்தக் கூட்டுழைப்பின் இன்றியமையாமையைக் காலந்தாழ்த்தியே உணர்ந்தனர். இராசகாரியம் என்னும் கட்டாய ஊழியத்தைப் பிரித்தானியர் 1832 ஆம் ஆண்டிலே ஒழித்தனர். கொடுமையான ஊழியங்கள் நீங்கியது நன்றே. ஆனால் அதனோடு, குளங்களைப் பேணுதற்கென்றிருந்த கூட்டுவேலையின் கட்டுப்பாடும் தளர்ந்தது; சிறு குளங்கள் பல தூர்ந்தன. பின்னர் 1856 ஆம் ஆண்டிலே, தேசாதிபதி சேர் ஹென்றி வார்ட் காலத்தில், நெல்வயல் நீர்ப்பாசனம் பற்றிய பழைய வழக்கங்களை மீண்டும் உயிர்ப்பிக்கச் சட்டமியற்ற வேண்டியதாயிற்று. சட்டம் விட்டுப்போன இடைவெளியிலே ஊரைக் கூட்டி வைத்திருந்த சில கயிறுகளுள் குளக்கட்டுப் பொங்கலும் ஒன்று எனக் கொள்ளுதல் தவறாகாது.

வன்னி நாட்டின் கீழ்த்திசையிலே, நந்திக்கடலின் கரையிலே உள்ள வற்றாப்பளைக் கண்ணகியம்மன் கோயிலில் வைகாசி மாதம் நிகழும் பொங்கல், இதே கூட்டுக்கடமை ஓர் ஊரின் எல்லையைக் கடந்து ஒரு நாட்டளவுக்கு விரிந்தமைக்குச் சான்று. மதுரையை எரித்த கண்ணகி சினந்தணிந்து இலங்கைக்கு வந்து பல இடங்களிலே தங்கினாள் என்றும், பத்தாவதாகத் தங்கிய இடமே பத்தாம்பளையென்றாகிப் பின்னர் வற்றாப்பளையாயிற்று என்றும் மக்கள் கூறுவர். மாடு மேய்க்கும் சிறுவரிடம் ஒரு மூதாட்டி வடிவில் வந்து அவள் உணவும் விளக்கும் கேட்டாள்; விளக்குக்கு எண்ணெய் இல்லையென்று சிறுவர் வருந்தியபோது கடல்நீரை வார்த்து ஏற்றுமாறு பணித்தாள்; விளக்கு எரிந்தது. இக்கதையின் நினைவாக இன்றும் சிலாவத்தைக் கடலிலே நீரெடுத்து, முள்ளியவளைக் காட்டா விநாயகர் கோயிலில் விளக்கேற்றிப் பின்னர் வற்றாப்பளைக்கு எழுந்தருளச் செய்கின்றனர்.

கடல்நீரில் விளக்கெரியும் அற்புதத்தைப் பற்றியே பலரும் பேசுவர். அதற்கு முன்னர் நிகழும் பாக்குத்தெண்டல் என்னும் சடங்கைப் பற்றிப் பேசுவோர் குறைவு. தெண்டல் என்பது தண்டுதல், அஃதாவது கேட்டுப் பெறுதல். உலகுக்கெல்லாம் அளிப்பவள் எனப் போற்றப்படும் அம்மனின் விழா, மக்களிடம் பாக்குக் கேட்பதோடு தொடங்குகின்றது! பாக்கின் விலை சிறிது. ஆனால் கொடுத்தவர் அக்கணமே விழாவுக்கு உரியவராகின்றார். நீரெடுப்பவர் ஒருவர், மடைப்பண்டம் சுமப்பவர் வேறொருவர் என்று தொழில்கள் வழிவழியாகப் பிரிக்கப்பட்டிருப்பதன் கருத்தும் இதுவே. பார்வையாளர் என்று ஒருவரையும் அந்தப் பழைய முறை ஒதுக்கி வைக்கவில்லை.

கண்ணகி வழிபாட்டின் வரலாறு நெடியது. சேரன் செங்குட்டுவன் எடுத்த பத்தினிக் கோட்டத்துக்கு இலங்கைக் கயவாகு மன்னன் வந்திருந்தமையைச் சிலப்பதிகாரம் குறிக்கின்றது. சிங்கள மக்களும் பத்தினித் தெய்யோ எனப் போற்றுகின்றனர். கண்டியிலே பத்தினிக்குத் தனிக்கோயில் உண்டு. எசல பெரகராவில் அக்கோயிலின் ஊர்வலமும் சேர்ந்து செல்லும். யாழ்ப்பாணத்திலோ 19 ஆம் நூற்றாண்டிலே ஆறுமுக நாவலர் சைவத்தை ஆகமநெறிப்படி நிலைநிறுத்த முயன்றபோது, கண்ணகி வழிபாட்டை ஏற்றிலர். காலப்போக்கிலே கண்ணகி கோயில்கள் பல வேறு அம்மன் பெயர்களைப் பெற்றன. நாவலர் கல்விக்கும் தமிழுக்கும் ஆற்றிய தொண்டு அளவிறந்தது. உயிர்ப்பலியை அவர் கண்டித்ததும் போற்றத்தக்கது. எனினும், வன்னி மக்களும் மட்டக்களப்பு மக்களும் கண்ணகியைக் கைவிடாமையால் ஒரு பெரிய மரபு அழியாது நின்றது என்பதையும் நாம் மறத்தலாகாது.

காட்டு நாட்டிலே வாழ்பவருக்கு அச்சங்கள் பல. யானை உண்டு, கரடி உண்டு, பாம்பு உண்டு. மலேரியாக் காய்ச்சல் பல தலைமுறைகளாக வன்னியின் குடிகளைக் குறைத்தது. காட்டுவழியே செல்பவர் ஒரு குழையை முறித்து மரக்கிளையிலே தொங்கவிட்டுத் தெய்வத்தை நினைந்து நடப்பது பழைய வழக்கம். இன்றும் கண்டி வீதியிலே செல்லும் வாகனங்கள் முறிகண்டியிலே நிற்கின்றன. பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்த பின்னரே பலர் பயணத்தைத் தொடர்கின்றனர். பாம்பின் அச்சத்தாற் புதூரிலே நாகதம்பிரானுக்குப் பொங்குகின்றனர். அச்சத்தினாற் பிறந்த வழிபாடு தாழ்ந்தது என்பார் உளர். அச்சம் யாவர்க்கும் உண்டு. தன் அச்சத்தைத் தனியே சுமவாது ஊரோடு பகிர்ந்துகொள்ள ஒரு வழி கண்டமையே இங்குச் சிறப்பு.

பாம்புக்கடிக்கு மருந்தென நம்பி மண்ணெடுத்துச் செல்லும் வேறொரு தலமும் இக்காட்டிலே உண்டு. அதுவே மருதமடு மாதாவின் திருத்தலம். கத்தோலிக்கர் மாத்திரமன்றிச் சைவரும் பௌத்தரும் அம்மண்ணைப் பொதிந்தெடுத்துச் செல்வது வழக்கம். செட்டிகுளத்து மக்களுக்கு மடு அயல்வீடு போன்றது. அதன் வரலாறு வழிபாட்டின் பொருளை மற்றொரு பக்கத்திலிருந்து நமக்குக் காட்டுகின்றது.

மன்னார்ப் பகுதியிலுள்ள மாந்தையே அவ்வரலாற்றின் தொடக்கம். சம்பந்தரும் சுந்தரரும் பாடிய திருக்கேதீச்சரம் அமைந்த இடம் அது. போர்த்துக்கேயர் காலத்திலே அச்சிவாலயம் இடிக்கப்பட்டது. பின்னர் அங்கே கத்தோலிக்கரின் மாதா கோயில் விளங்கிற்று. 1658 இல் மன்னாரையும் யாழ்ப்பாணத்தையும் கைப்பற்றிய ஒல்லாந்தர், கத்தோலிக்கக் குருமாரைத் துரத்தினர். அவர்களுக்கு அடைக்கலம் கொடுப்பதையும் பெருங்குற்றமாக்கினர். முன்னர் ஆலயத்தை இழந்தவர் சைவர்; இப்பொழுது ஆலயத்தை விட்டோடியவர் கத்தோலிக்கர். ஆட்சி மாறமாறத் துன்பமும் கைம்மாறிற்று.

1670 ஆம் ஆண்டளவில் மாந்தையின் கத்தோலிக்கக் குடும்பங்கள் சில, தங்கள் மாதாவின் திருச்சொரூபத்தைச் சுமந்துகொண்டு காட்டுக்குட் புகுந்து மருதமடுவிலே தங்கின என்று தலவரலாறு கூறும். யாழ்ப்பாணத்திலிருந்து தப்பி வந்தவரும் அவர்களோடு சேர்ந்தனர். குரு இல்லை, கற்கோயில் இல்லை. சொரூபமும் செபமும் மாத்திரமே இருந்தன. 1687 இலே கோவையைச் சேர்ந்த, அதாவது கோவா நாட்டவரான, யோசேப் வாஸ் அடிகள் மாறுவேடத்தில் இலங்கைக்கு வரும்வரை, பல்லாண்டுகள் அம்மக்கள் குருவின்றியே தம் சமயத்தைக் காத்தனர். 1872 இலே இப்போதைய பேராலயத்தின் வேலை தொடங்கிற்று. 1924 இலே மாதாவுக்கு முடிசூட்டு விழா நிகழ்ந்தது. 2015 சனவரி 14 ஆம் நாள், யோசேப் வாஸ் புனிதராகக் கொழும்பிலே அறிவிக்கப்பட்ட அதே நாளில், பாப்பரசர் பிரான்சிஸ் மடுவுக்கு வந்தார். ஆயினும் இவற்றையெல்லாம் தாங்கி நிற்கும் அடித்தளம் அந்த முதற்குடும்பங்கள் காட்டுவழியே சுமந்துவந்த சுமையே.

மடுத் திருவிழாவின் பழைய முறையும் கருதத்தக்கது. மாட்டு வண்டிகளிலே குடும்பம் குடும்பமாக வந்து, காட்டுமரம் நாட்டிக் கொட்டிலமைத்து, நவநாட்கள் முழுவதும் அங்கேயே சமைத்து உண்டு தங்குவர். வீட்டின் வசதிகளை விட்டு, முன்னோர் காட்டிலே வாழ்ந்த வாழ்வைச் சில நாட்கள் தாமும் வாழ்ந்து பார்த்தல் அவ்வழிபாட்டின் ஒரு கூறாயிற்று.

செட்டிகுளத்து இஸ்லாமிய ஊர்களையும் இங்கே குறிப்பிடுதல் வேண்டும். ஆண்டியாபுளியங்குளம், சூடுவெந்தபுலவு முதலிய ஊர்களிலே பள்ளிவாசலின் பாங்கொலி வயல்வேலையின் பொழுதுகளையும் வகுத்துக் காட்டுகின்றது. ஐவேளைத் தொழுகையிலே செல்வரும் ஏழையும் தோளோடு தோள் சேர்ந்து ஒரே வரிசையில் நிற்பர். மழை பொய்த்த காலத்தில் வெட்டவெளியிலே கூடி மழைவேண்டித் தொழுதல் இஸ்லாத்தின் பழமையான நெறி. குளக்கட்டிலே பொங்குபவரும், மாதாவின் முன் மெழுகுதிரி ஏற்றுபவரும், திடலிலே தொழுபவரும் நோக்கி நிற்பது ஒரே வானத்தை. பெய்யும் மழையும் வயலின் உடையவர் இன்னார் என்று கேட்டுப் பெய்வதில்லை.

அண்மைக் காலத்தின் பெருந்துயரத்தையும் வரலாறு பேசாது விடமுடியாது. 2008 ஏப்பிரலிலே போர் மடுவை நெருங்கியபோது, குருமார் மாதாவின் சொரூபத்தைத் தேவன்பிட்டிக்கு எடுத்துச் சென்றனர். அவ்வாண்டு ஆகத்து மாதத்திலே அது மீண்டு வந்தது. முந்நூற்று முப்பத்தெட்டு ஆண்டுகளுக்கு முன் நடந்த நடை மறுபடியும் நடந்தது. 2009 மே மாதத்திலே வற்றாப்பளை அம்மனின் நந்திக்கடற் கரையோரத்தில் போர் முடிவுற்றது. அங்கிருந்து வந்த மக்களுள் இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் செட்டிகுளத்து மனிக் பாம் முகாம்களிலே தங்கவைக்கப்பட்டனர். 2012 செப்ரெம்பரில் அம்முகாம் மூடப்பட்டது.

வீடும் நிலமும் உறவும் இழந்து வந்த அம்மக்கள் வழிபாட்டை இழக்கவில்லை. கூடாரங்களுக்கிடையே ஒரு மரத்தடி அவர்களுக்குக் கோயிலாயிற்று. தகரக் கொட்டில் ஒன்று ஆலயமாயிற்று. அவ்வழிபாட்டிலே கேட்பதற்கு ஒன்று பெரிதாக இருந்தது: காணாமற்போனவர் வரவேண்டும். பலருக்கு அது கிடைத்திலது. கிடையாதபோதும் அவர்கள் விளக்கேற்றினர். வேண்டியதைப் பெறுதலே வழிபாட்டின் பயன் என்று கொள்வோமாயின், இதற்கு நம்மால் விளக்கம் கூறமுடியாது. எல்லாம் கலைந்த இடத்திலே ஒழுங்கு ஒன்றையாவது தம் கையால் நிலைநிறுத்துதல், தனித்துப்போன பலர் ஒரே விளக்கின் முன் மீண்டும் ஊராகக் கூடுதல், இறந்தவரை நினைத்தற்கு ஓர் இடமும் பொழுதும் வகுத்தல் — இவையே அவர்கள் அன்று வழிபாட்டினாற் பெற்றவை. பின்னர்த் தத்தம் ஊர்களுக்கு மீண்டபோது, புதர்மண்டிய கோயிலடியைத் துப்புரவாக்கி விளக்கேற்றிய பின்னரே குடியமரத் தொடங்கியோர் பலர்.

"கடவுள் எங்கும் இருக்கின்றார் என்றால் கோயிலுக்கு ஏன் போகவேண்டும், ஐயா?" என்று வகுப்பிலே மாணாக்கர் கேட்பது உண்டு. நல்ல வினா. கடவுள் எங்கும் இருப்பார். நாமோ எங்கும் இருப்பதில்லை. அவரவர் வீட்டிலும் அவரவர் கவலையிலும் அடைபட்டுக் கிடக்கின்றோம். நம்மை வெளியே அழைத்து, அயலாரோடு ஒரே இடத்தில் நிறுத்தி, உன் பங்கு யாது என்று கேட்பதற்கே கோயில் வேண்டும். பள்ளிவாசலும் மாதா கோயிலும் விகாரையும் அவ்வாறே.

இக்காலத்தில் நம் ஊர்களிலே கோயில்கள் பெரியனவாகி வருகின்றன. கடல்கடந்து வாழும் உறவினர் அன்போடு பொருள் அனுப்புகின்றனர், கோபுரங்கள் எழுகின்றன, ஒலிபெருக்கிகள் முழங்குகின்றன. அழிந்தவற்றை மீண்டும் எடுப்பது மகிழ்ச்சிக்குரியதே. ஆனால் பொங்கலுக்கு வேண்டிய யாவும் பணத்துக்கு வாங்கப்பட்டு, வேலை யாவும் கூலிக்கு விடப்பட்டு, ஊரவர் வரிசையில் நின்று பிரசாதம் பெற்றுச் செல்பவராக மாத்திரம் ஆகிவிட்டால், பழைய வழிபாட்டின் உயிர்நிலை எங்கே? கோயில் வானளாவி நிற்க, அருகிலுள்ள குளம் தூர்ந்து கிடக்குமாயின், அங்கே வழிபாடு நிறைவுற்றதாகச் சொல்ல முடியுமா?

ஆகவே, நேயர்களே, அடுத்த பொங்கலுக்குச் செல்லும்போது கையிலே ஒரு பிடி அரிசி கொண்டு செல்லுங்கள். பிள்ளைகளையும் உடனழைத்துச் செல்லுங்கள். மண்வெட்டி பிடிக்கும் வேலை இருந்தால் ஒரு நாழிகையேனும் அதைச் செய்யுங்கள். பாக்கு ஒன்றேயாயினும் கொடுத்தவருக்குத்தான் விழா உரியது என்பது வன்னியின் முன்னோர் கண்ட நெறி. அந்நெறியின் வழியிலே நடத்தலையே அவர்கள் வழிபாடு என்றனர்.